பரங்கிக்காய் ஏலம்

பாலகாட்
19 நவம்பர் 2024

அன்புள்ள எட்மண்டுக்கு,

இரண்டு நாளாக என் போன் அடித்து அடித்து ஓய்கிறது. எடுக்க மாட்டேன். வெறும் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அதில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுகிறீர்கள். பால் பொங்கிவிட்டது என்று சொன்னாலும் "ம்". பக்கத்து வீட்டில் சாவு என்று சொன்னாலும் அதே "ம்". அந்த "ம்" எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? இனிமேல் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுத ஒரு கை, காகிதத்தைப் பிடிக்க ஒரு கை. விரல் வேறெங்கும் போகாது.

ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை ஏலத்தில் செய்ததை நீங்கள் இன்னும் விளையாட்டாகத்தான் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. கிறிஸ்டோவின் மகன் நோயல் என் சண்டே ஸ்கூல் வகுப்புப் பிள்ளை. "உங்கள் வீட்டில் விளைந்தது எதுவானாலும் ஆலயத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்று சொன்னது நான்தான். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு அறுப்பின் பண்டிகைக்குத் தூக்க முடியாத ஒரு பரங்கிக்காயை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தான். அன்றைக்கு ஏலத்தில் அதை அவன் அப்பாவே எடுத்தார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மூளைக்காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அந்தக் காயின் விதையைத்தான் கிறிஸ்டோ வருஷா வருஷம் போடுகிறார். முதல் காயைப் பீடத்தில் வைக்கிறார், ஏலத்தில் தானே திரும்ப எடுத்துக்கொண்டு போகிறார். எதிர்த்து யாரும் கேட்பதில்லை. ஏலம் விடும் மனோகர் அண்ணன் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்.

இந்த முறை நீங்கள் எதிர்த்துக் கேட்டீர்கள். அவர் விலையை ஏற்ற, மறுபடியும் கேட்டீர்கள். நீங்கள் இடது காது மடலைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மனதுக்குள் கணக்குப் போடும்போது உங்கள் கை அங்கேதான் போகும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொள்ளுங்கள். பெங்களூரிலேயே இருங்கள். எனக்கு உங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
26 நவம்பர் 2024

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதோடு சரி. எழுத்தே மறந்துவிட்டது. லிஃப்ட் சர்வீஸ் ரிப்போர்ட்டைத் தவிர இந்தக் கை வேறு எதையும் எழுதுவதில்லை.

போக்கரை லாட்டரி மாதிரி நினைக்கிறாய். அதில் பெரும்பாலும் சீட்டை வீசிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் வேலை. பொறுமை வேண்டும். எதிரில் இருப்பவன் எதில் விடுவான், எதில் விடமாட்டான் என்று தெரிய வேண்டும். எனக்கு அது தெரிகிறது. இந்த ஒன்றிலாவது நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள விடு.

அன்றைக்கு கிறிஸ்டோ விடமாட்டான் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை ஏற்றிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளலாம், சபைக்குக் கொஞ்சம் கூடுதலாக வரட்டும் என்பதுதான் என் எண்ணம். அவன் உட்கார்ந்துவிட்டான். காய் என் தலையில் விழுந்தது. நோயல் விஷயம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெளியே வந்ததும் அவனிடம் கொடுக்கத்தான் போனேன். அதை நீ பார்க்கவில்லை. "இன்னா அண்ணே இது, ஏலத்துல எட்த்தது உங்களுது. ஆண்டவர் முன்னாடி வெச்சத நான் சும்மா வாங்கிக்கலாமா?" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

எட்மண்ட்


பாலகாட்
8 டிசம்பர் 2024

அன்புள்ள எட்மண்டுக்கு,

ஞாபகத்துக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்தது. வந்ததால்தான் ஏற்றினீர்கள். கிறிஸ்டோ விடமாட்டார் என்று உங்களுக்கு வேறு எதை வைத்துத் தெரிந்தது? சுரைக்காயை ஏலம் விட்டபோது நீங்கள் வாயே திறக்கவில்லையே.

இப்படி ஒருவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறோமே என்று அழுகை வந்தது.

அவர் ஏன் உட்கார்ந்தார் தெரியுமா? ராபர்ட்சன்பேட்டை துணிக்கடையில் வாட்ச்மேன் வேலை. நம் சபை டெய்சி அக்காவிடம் சொன்னாராம்: "கையில இல்லாத காச ஆண்டவர் முன்னாடி எப்டிக்கா சொல்றது?" இல்லாத சீட்டை இருப்பதுபோலக் காட்டினால் உங்கள் ஆட்டத்தில் அது கெட்டிக்காரத்தனம். அவருக்கு அது பொய். உங்கள் கணக்கில் இப்படி ஒரு ஆள் வரவில்லை.

அன்று இரவுச் சண்டையில் இன்னொரு உண்மையும் வந்ததே, வாஷிங் மெஷின். போக்கர் காசில் வாங்கியதைக் கம்பெனி இன்சென்டிவ் என்று சொன்னீர்கள். நான் ஸ்தோத்திரக் காணிக்கை உறையில் உங்கள் பெயரை எழுதிப் போட்டேன். "சகோதரர் எட்மண்டின் உழைப்பை ஆசீர்வதித்ததற்காக" என்று பாஸ்டர் ஆராதனையில் எல்லாரும் கேட்க வாசித்தார். இப்போது அந்த மெஷின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டேன். கையால்தான் துவைக்கிறேன்.

அந்தக் காயை என்ன செய்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
29 டிசம்பர் 2024

ஃப்ளோராவுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று மெஸ் மூடியிருந்தது. பேக்கரியில் ஒரு துண்டு பிளம் கேக் வாங்கித் தின்றேன். நீ செய்வதுபோல இல்லை என்று எழுதினால் ஐஸ் வைக்கிறேன் என்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

காயைக் கேட்டாய். மெஸ் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன். சாம்பாரில் போட்டிருப்பார். ஒரு காய்க்காக ஒரு வீட்டையே பிரிக்கலாமா என்று நீயே யோசி.

இந்த மாதம் ஆட்டம் நன்றாகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டில் கடைசி மேஜை வரை போனேன். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்ததில் மிஞ்சியது ஒரு கை விரலுக்குள் அடங்கும். மேஜை சின்னதாகிக்கொண்டே வரும்போது ஒரு அமைதி வரும் பார், அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரிவதுபோல இருக்கும். அன்றாடம் எவன் லிஃப்டிலோ கிரீஸ் பூசிக்கொண்டிருக்கிற எனக்கு வேறெங்கே அப்படி இருக்கப்போகிறது? உனக்கு ஒரு பட்டுப்புடவை பார்சலில் வருகிறது. எந்தப் பணம் என்று மறைக்கவில்லை. இந்த முறை உண்மையைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

எட்மண்ட்


பாலகாட்
12 ஜனவரி 2025

எட்மண்டுக்கு,

பார்சலைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

சாம்பாரில் போட்டிருப்பார் என்று எவ்வளவு சுலபமாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்டோ பழைய விதை வைத்துக்கொள்வதில்லை. அந்தந்த வருஷத்துக் காயிலிருந்துதான் அடுத்த வருஷ விதை. அந்தப் பிள்ளை கொண்டு வந்ததில் இனி மிச்சம் ஒன்றும் இல்லை.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
16 மார்ச் 2025

ஃப்ளோரா,

எழுத வேண்டாம் என்றாய். வேறு யாரிடம் சொல்வேன்?

போன மாதத்திலிருந்து தொட்டதெல்லாம் கைவிட்டுப் போகிறது. நான் தப்பாக ஆடவில்லை. சரியான சீட்டோடு சரியான இடத்தில் உட்கார்ந்து, கடைசிச் சீட்டில் எவனோ ஒரு தத்தி ஜெயித்துவிட்டுப் போகிறான். இது சகஜம், பல மாதம் சேர்த்துப் பார்த்தால் சமனாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெரிந்திருந்தும் நிறுத்த முடியவில்லை. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் ஆட்டம் மாறிவிடுகிறது, வீச வேண்டிய சீட்டையும் வீசக் கை வரமாட்டேன் என்கிறது. புடவையைத் திருப்பிக் கொடுத்த காசும் அதிலேயே போனது.

வெள்ளிக்கிழமை ஒரு அபார்ட்மெண்டில் லிஃப்ட் கதவின் பூட்டைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மனதெல்லாம் அதிலேயே இருந்தது. பாதி வழியில் ஞாபகம் வந்து பைக்கைத் திருப்பிக்கொண்டு ஓடினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தங்கச் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் ஓட்டிய எங்கப்பா சர்வீஸ் முழுக்க ஒரு தடவைகூட பிரேக்கைப் பார்க்காமல் ஆளை இறக்கியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லும். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

எட்மண்ட்


பாலகாட்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். லிஃப்ட் கதவைப் படித்தபிறகு மனசு கேட்கவில்லை. திரும்பி ஓடினீர்களே, அந்த ஒன்றுக்காக எழுதுகிறேன்.

ஈஸ்டர் ஆராதனைக்கு கிறிஸ்டோ வந்தார். முன்பெல்லாம் மூன்றாவது பெஞ்ச். இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார். பண்டிகைக் கமிட்டியிலிருந்தும் விலகிக்கொண்டாராம். அவர் வீட்டுப் பக்கம் போனேன். வேலியோரம் அந்தப் பாத்தி அப்படியே கிடக்கிறது. மற்ற வருஷங்களில் இந்நேரம் கொத்தி, எரு போட்டு வைத்திருப்பார். "இன்னா கிறிஸ்டோ, பாத்தி போடலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "இன்னாத்த போடறதுக்கா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
25 மே 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

உறையை உதறிப் பார். ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அதில் விதைகள்.

உன்னிடம் பொய் சொன்னேன். சமையல்காரரிடம் கொடுக்கவில்லை. காய் இத்தனை மாதமும் என் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் மேல் இருந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அப்படி எழுதினேன். கீழே குனிந்து செருப்பைத் தேடும்போதெல்லாம் அது அங்கே இருக்கும்.

தோற்றதால் புத்தி வந்தது என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தேன். மதியம் ஒரு மேஜையில் ஒருவன் எனக்கு எதிரில் இருந்தான். என் கையில் உருப்படியான சீட்டு ஒன்றும் இல்லை. அவனிடம் இருந்தது, அது எனக்குத் தெரியும். இருந்தும் என் காசு எல்லாவற்றையும் மேஜையில் தள்ளினேன். அவனுக்குக் கொடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அரட்டைக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: "அண்ணா விட்ருங்க. இதான் கடசி." நான் பதில் போடவில்லை. அவன் சீட்டை வீசினான். கொஞ்ச நேரத்தில் திரையில் அவன் நாற்காலி காலியானது.

அப்போது என் கை காதில் இருந்தது, ஃப்ளோரா. நீ எழுதியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. கிறிஸ்டோ உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. நீ சொன்னது சரி. அன்றைக்கு எனக்கு நோயல் ஞாபகம் இருந்தது. அந்தப் பிள்ளையை வைத்துத்தான் ஏற்றினேன்.

ஆப்பை அழித்துவிட்டுக் காயை அறுத்தேன். உள்ளே நாராகிவிட்டது. விதை மட்டும் கெட்டியாக இருந்தது. கழுவி, ஜன்னலில் காயவைத்தேன். கிறிஸ்டோவிடம் கொடு. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம்.

எட்மண்ட்


பாலகாட்
15 ஜூன் 2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

பொட்டலத்தைப் பிரித்ததும் விதையை மடியில் கொட்டிக்கொண்டு அழுதேன். ஐந்து மாதம் என்னை ஏமாற்றியதற்கு உங்களை நன்றாகத் திட்டவும் செய்தேன்.

கிறிஸ்டோ வாங்கிக்கொள்ளவில்லை. யார் கொடுத்தது என்று நான் சொல்லாமலே கண்டுகொண்டார். "அக்கா, அது அண்ணன் காசு குட்த்து எட்த்தது. விதையும் அவுருதுதான். நான் வெச்சா நல்லாருக்குமா?" என்றார். சரி, அப்படியானால் எங்கள் வீட்டுப் பின்னால் நானே போடுகிறேன் என்று வந்துவிட்டேன். போன சனிக்கிழமை மழை விட்டதும் குழி தோண்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கிறிஸ்டோவின் சைக்கிள் நின்றது. "அங்க வேணாங்கா, தண்ணி நிக்கும். இப்டி மேட்டுப் பக்கமா வைங்க, வெயிலு நல்லா கீது" என்றார். உள்ளே வாங்க என்றேன். வரவில்லை. நான் விதைகளை ஊன்றி முடிக்கும் வரை நின்றுவிட்டுத்தான் போனார்.

ஆப்பை அழித்தது அப்படியே இருக்கிறதா? உண்மையை எழுதுங்கள்.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் நீ கேட்ட கேள்விதான். ஜூலையில் ஆப்பைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன். முதலில் சும்மா பார்க்க, அப்புறம் சும்மா ஒரு மேஜை. மற்றதை நீயே எழுதிக்கொள்வாய்.

இப்போது கவலையே வேண்டாம். செய்தியில் பார்த்திருப்பாய். காசு வைத்து ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்து டெல்லியில் சட்டம் போட்டுவிட்டார்கள். என் ஆப் திறக்கிறது, மேஜை ஒன்றும் இல்லை. மிச்சமிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. ஆட இடமே இல்லை. இனி நான் நினைத்தாலும் முடியாது.

நம் சண்டைக்கு இருந்த காரணமே போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை மாரிக்குப்பம் ரயிலில் வருகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது போதும்.

எட்மண்ட்


பாலகாட்
7 செப்டம்பர் 2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

சரி என்று எழுத எனக்கு ஆசைதான். முடியவில்லை.

கடையைப் பூட்டியது சர்க்கார். பூட்டிய கடைக்கு வெளியே நீங்கள் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போய்த் திறந்துவிட்டால்? அதுவும் போகட்டும். கிறிஸ்டோவின் காய்க்கு விலையை ஏற்றினீர்களே, அதற்கு எந்த ஆப் வேண்டியிருந்தது? கையில் போன்கூட இல்லை. நம் சண்டை அந்தப் பார்வையைப் பற்றியது. அதை எந்தச் சட்டம் வந்து தடை செய்யும்?

கொடி வேலி ஏறிவிட்டது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி படியாமல் இருக்க இலையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு காய் பிடித்திருக்கிறது. நவம்பர் பதினாறு அறுப்பின் பண்டிகை. நோயல் பெயரைச் சொல்லிப் பீடத்தில் வைக்கப்போகிறேன். ஏலத்துக்கு வரும். கிறிஸ்டோ கேட்பாரா, யார் எடுப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது.

நீங்கள் வாருங்கள். வீட்டுக்கு இல்லை, ஆலயத்துக்கு. எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். யார் கேட்டாலும், எங்கே நின்றாலும், நீங்கள் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். அது முடியுமா என்று பாருங்கள். அதற்குப் பிறகு பேசலாம்.

ஃப்ளோரா


கே.ஆர்.புரம்
17 நவம்பர் 2025

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நேற்று உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறிவிட்டேன். ஏன் என்று எழுதத்தான் இது.

நான் வாசல் தூணோரம் நின்றேன். டெய்சி அக்கா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனோகர் அண்ணன் காயைத் தூக்கிக் காட்டியதும் யாரும் பேசவில்லை. கிறிஸ்டோவும் பேசவில்லை. யாருமே கேட்காமல் போய்விடுமோ என்று பயந்தேன். அப்புறம் வேப்பமரத்தடியிலிருந்து அவர் குரல் வந்தது. முன்பெல்லாம் கேட்கிற அதே நூற்றியொன்று. மனோகர் அண்ணன் இந்த முறை ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு தரம் என்றார். நின்றார். சபையே என் பக்கம் திரும்பியது.

வாயைத் திறக்கவில்லை, அதை நீயே பார்த்தாய். நீ பார்க்காததை நான் சொல்ல வேண்டும். ரெண்டு தரம் என்றபோது எனக்குள் ஒரு எண் எழுந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, எவ்வளவு வரை போவார் என்பதும் தெரிந்தது. என்ன காய், யார் பிள்ளை எல்லாம் தெரிந்தும் அந்த எண் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தரம் விழுந்ததும் எனக்கு நிம்மதி வரவில்லை, வெட்கம்தான் வந்தது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் திருந்திவிட்டேன் என்று நீயும் நினைத்துக்கொண்டு என் பக்கம் வந்துவிடுவாயோ என்று கிளம்பிவிட்டேன். இன்னொரு உறையில் என் பெயரை நீ எழுதிவிடக் கூடாது.

அது போகவில்லை, ஃப்ளோரா. போகுமா என்றும் தெரியவில்லை. தெரிந்துகொண்டு நீ என்ன முடிவெடுத்தாலும் சரி.

எட்மண்ட்


பாலகாட்
20 நவம்பர் 2025

அன்புள்ள எட்மண்டுக்கு,

பார்க்கவில்லை என்று யார் சொன்னது? நான் காயைப் பார்க்கவில்லை, கிறிஸ்டோவைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு தரம் என்றதும் உங்கள் கை காதுக்குப் போனது. அப்புறம் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இறக்கினீர்கள். உங்களுக்கே தெரியாமல் செய்திருப்பீர்கள்.

கிறிஸ்டோவும் பார்த்தாராம். சாயங்காலம் காயை அறுத்துப் பாதியை எடுத்துக்கொண்டு வந்தார். விதையிலும் பாதி. "உங்க மண்ணுல வெளஞ்சதுக்கா, பாதி உங்களுது" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்தார். போகும்போது, "அண்ணன் வந்தாரு, அப்டியே பூட்டாரே. கஷ்டப்பட்டு நின்னாரு, பாவம்" என்றார்.

போய்விட்டது என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உறையில் பெயர் எழுதும் எண்ணமும் எனக்கு இல்லை. மறுபடி அந்த எண் எழும்போது என்னிடம் சொல்லுங்கள். நான் கோபப்படுவேன், அழுவேன், ஆனாலும் சொல்லுங்கள். இதை எழுதும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

பரங்கிக்காய் பாதி அப்படியே இருக்கிறது. அறுத்த காய் ரொம்ப நாள் தாங்காது. சனிக்கிழமை ரயில் ஏறியதும் போன் பண்ணுங்கள். எடுக்கிறேன்.

ஃப்ளோரா